ஆழப் பக்கம் கடந்தாயிற்று: விட வேண்டிய மூச்சைப் பற்றி

ஆழப் பக்கச் சுவரைத் தொட்டாயிற்று. 25 மீட்டர் குளம். நெஞ்சளவுத் தண்ணீரில் கிளம்பி, தரை சரிந்து இறங்கும் இடத்தைத் தாண்டி, நடுவில் லேன் கயிற்றைப் பிடிக்காமல் ஃப்ரீஸ்டைலில் போய்ச் சேர்ந்தது. பல வருடம் தண்ணீர்ப் பக்கமே போகாமல் இருந்துவிட்டு, பயத்தோடு திரும்ப இறங்குகிறவர்களுக்கு இந்த ஒரு நீளம் எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். எது வேலை செய்தது, ஏன் செய்தது என்று விவரமாகவே எழுதிவைக்கிறேன். கை எப்படிப் போடுவது, கால் எப்படி அடிப்பது என்பதெல்லாம் இதில் இல்லை. ஏற்கெனவே நீச்சல் தெரிந்து, நடுவில் விட்டுப்போனவர்களுக்கான குறிப்பு இது.

கை கால் வீச்சு சீக்கிரமே திரும்ப வந்துவிடுகிறது. தோள்பட்டை கொஞ்சம் இறுகியிருக்கும். கணுக்கால் விறைத்திருந்தால் உதைப்பதற்குப் பலனே இருக்காது, பாதம் தண்ணீரைப் பின்னால் தள்ளாமல் கீழே தள்ளிக்கொண்டிருக்கும். இரண்டும் பயிற்சியில் சரியாகிவிடும். வராமல் அடம்பிடிப்பது மூச்சு ஒன்றுதான். பயம் வந்ததும் உடம்பு முதலில் செய்கிற காரியம் மூச்சைப் பிடித்துக்கொள்வது. முகம் தண்ணீருக்குள் போனதும் வாய், மூக்கு, நெஞ்சு எல்லாம் பூட்டிக்கொள்ளும். பக்கவாட்டில் திரும்பும் அந்த அரை விநாடியில் விட வேண்டியதை விட்டு, இழுக்க வேண்டியதையும் இழுக்கப் பார்ப்போம். நேரம் போதாது. பாதி மூச்சோடு முகம் திரும்ப உள்ளே போகும். மூன்று நான்கு தடவை இப்படி ஆனால் திணறல்தான்.

அந்தத் திணறலுக்குக் காற்றுக் குறைவு காரணமில்லை. நுரையீரலில் ஆக்சிஜன் இன்னும் நிறையவே இருக்கும். வெளியே போகாமல் தேங்கிய கார்பன் டை ஆக்சைடுதான் ‘மூச்சு விடு, மூச்சு விடு’ என்று மூளையை விரட்டுகிறது. திணறும்போது இன்னும் ஆழமாக இழுப்பது பிரயோஜனப்படாது. வெளியே விடுவதுதான் மருந்து. இது புரிந்த பிறகுதான் என் பயிற்சியே ஒழுங்குக்கு வந்தது.

முதல் வேலை, நெஞ்சளவுத் தண்ணீரில் சுவரோரம் நின்று முங்கி எழுவது. வாயால் சாதாரணமாக ஒரு மூச்சு. முங்கியதும் மூக்கால் ‘ம்ம்ம்’ என்று முனக வேண்டும். முனகினால் மூக்கு வழியாகக் காற்று தானாக வெளியேறிக்கொண்டே இருக்கும், தண்ணீர் ஏறாது. மூக்கில் தண்ணீர் ஏறிச் சுரீர் என்று எரிவதுதான் பலரைத் திரும்பக் கரையேற வைக்கிறது. முனகல் பழகினால் மூக்குக் கிளிப் தேவைப்படாது. இழுப்பதற்கு ஒரு எண்ணிக்கை, விடுவதற்கு மூன்று எண்ணிக்கை என்று தாளம் வைத்துக்கொண்டேன். மெழுகுவத்திச் சுடர் அணையாமல் ஊதுகிற அளவுக்கு மெல்லியதாக விட வேண்டும். வாய் மேலே வருவதற்குச் சற்று முன் மிச்சத்தை ஒரே தள்ளாகத் தள்ளிவிட வேண்டும். அப்போது வெளியே வந்த வாய்க்கு இழுக்கிற வேலை மட்டும்தான்.

எல்லாக் காற்றையும் ஆரம்பத்திலேயே விட்டுவிடக் கூடாது. நுரையீரல் நிறைந்திருந்தால் பெரும்பாலானோர் மிதப்போம். காலியானால் பலர் மூழ்குவோம். உடம்பின் அடர்த்தி தண்ணீரின் அடர்த்திக்கு அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது. அவசரமாக விட்டால் இடுப்பு இறங்கும், இடுப்பு இறங்கினால் பயம் ஏறும். அதனால்தான் மெல்ல, ஆனால் நிறுத்தாமல். இந்த ஒரு விஷயத்தைப் பிடிக்க நான் செலவழித்த நேரத்தை வேறு எதற்கும் செலவழிக்கவில்லை. வீண் என்றும் நினைக்கவில்லை. மற்றதெல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

அடுத்தது தலை. பயந்தவர்கள் மூச்சுக்காகத் தலையைத் தூக்குவார்கள். தலையின் எடை சுமார் ஐந்து கிலோ. அதைத் தண்ணீருக்கு மேலே தூக்கினால் கால்கள் அந்தக் கணமே கீழே போகும். தூக்கவே கூடாது, உருட்ட வேண்டும். காகிள்ஸின் (நீச்சலுக்குப் போடும் கண் கவசம்) ஒரு கண்ணாடி தண்ணீருக்குள்ளேயே இருக்க, மற்றது வெளியே வர, வாய் ஓரமாக எட்டிப் பார்த்தால் போதும் என்று எல்லாப் பயிற்சியாளரும் சொல்வார்கள். அதில் ஒரு சிக்கலைப் பெரும்பாலும் சொல்வதில்லை. வேகமாகப் போகிறவருக்குத் தலை தள்ளும் அலைக்குப் பின்னால், கன்னத்தோரமாக ஒரு சின்னப் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தில்தான் அவர் மூச்சு எடுக்கிறார். மெதுவாகப் போகிறவருக்குப் பள்ளம் ஆழமாக விழாது. அதே அளவு திரும்பினால் வாயில் தண்ணீர்தான். பயம் தெளியாத காலத்தில் மெதுவாகத்தான் போவோம், ஆகவே தோளும் இடுப்பும் சேர்ந்து இன்னும் அதிகமாக உருள வேண்டும், வாய் கூரையைப் பார்க்கிற அளவுக்கு. அழகாக இருக்காது. ஆனால் முழு மூச்சு கிடைக்கும். காலில் மாட்டும் குட்டைத் துடுப்பு, அதாவது ஷார்ட் ஃபின்ஸ், போட்டுக்கொண்டு இதைப் பழகுவது நல்ல யோசனை. வேகம் கூடுவதால் பள்ளமும் கிடைக்கும், காலும் மேலே நிற்கும். கிக் போர்டை, அதாவது உதை பழகுவதற்கான மிதவைப் பலகையை, கையில் பிடித்துத் தலையை நிமிர்த்திக்கொண்டு போவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். எதை விட வேண்டுமோ அதையே அது பழக்கிவிடுகிறது.

காகிள்ஸ் பற்றிக் கொஞ்சம். ஒழுகுகிற காகிள்ஸைப் போட்டுக்கொண்டு பயத்தைப் போக்க முடியாது. வாங்கும்போது பட்டையை மாட்டாமல், கண்ணாடியை மட்டும் கண்குழியில் லேசாக அழுத்திக் கையை எடுங்கள். ஓரிரு விநாடி தானாக ஒட்டி நின்றால் அது உங்கள் முகத்துக்குப் பொருந்துகிறது. உடனே விழுந்தால் எவ்வளவு விலையானாலும் வேண்டாம். மூக்குப் பாலம் மாற்றக்கூடிய வகையாக, இரண்டு மூன்று அளவுகளோடு வருவதாகப் பார்த்து வாங்குவது நல்லது. ஒழுகுகிறதே என்று பட்டையை இறுக்கினால் ரப்பர் ஓரம் மடங்கி இன்னும் ஒழுகும், கண்ணைச் சுற்றித் தடமும் விழும். உட்புறத்தை விரலால் தேய்த்தால் பனிப்படலம் தடுக்கும் பூச்சு போய்விடும். பூச்சு போன பழைய காகிள்ஸுக்குக் குழந்தைகள் ஷாம்பு ஒரு சொட்டு தடவி, லேசாக அலசிப் போட்டால் அன்றைக்குத் தாங்கும். நான் வெளிர் கண்ணாடிக்கு மாறிவிட்டேன். உள்ளரங்கக் குளத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டால் ஆழப் பக்கம் இருக்கிறதைவிட இருட்டாகத் தெரியும், பயத்துக்கு அதுவும் தீனி.

இனி ஆழம். தரை கண்ணெதிரே சரிந்து விலகுகிற அந்த இடம்தான் மூச்சை மறுபடி பூட்டும். நீந்திப் போய் அதைச் சந்திப்பதற்கு முன்னால், ஏணிப் பக்கம் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றவாக்கிலேயே இறங்கிப் பார்க்க வேண்டும். காற்றை விட்டால் உடம்பு இறங்கும், கால் தரையைத் தொடும், தரையை ஒரு உந்து உந்தினால் மேலே. பிறகு நுரையீரல் நிறையக் காற்றோடு அதே மாதிரி இறங்கப் பாருங்கள். இறங்கவே முடியாது, தண்ணீர் மேலே தள்ளும். அந்தத் தள்ளலை உடம்பால் உணர்ந்த பிறகு ஆழத்தின் மேல் இருக்கும் அபிப்பிராயமே மாறுகிறது. இரண்டு மீட்டரில் காது அழுத்தும். வலி வரும் முன்பே மூக்கைப் பொத்தி மெதுவாக ஊதிக்கொள்ள வேண்டும். சளி பிடித்திருந்தால் அன்றைக்கு இறங்க வேண்டாம்.

என்னைச் சுவர் வரை கொண்டுபோய்ச் சேர்த்தது இன்னொரு பழக்கம்: நடு நீச்சலில் மல்லாக்கத் திரும்புவது. மூச்சு கெட்டால் நிற்கத் தரை இல்லை, ஆனால் முதுகில் படுக்க இடம் எப்போதும் உண்டு. மூச்சுக்காக உருளும் அதே உருளலை நிறுத்தாமல் முழுசாகத் தொடர்ந்தால் முகம் மேலே வந்துவிடும். காது இரண்டும் தண்ணீருக்குள், முகவாய் சற்று மேலே, வயிறு உயரே, கால் லேசாக அசைவு. மூன்று நிதானமான மூச்சு எடுத்துவிட்டு மறுபடி கவிழ்ந்து தொடரலாம். முதலில் நெஞ்சளவுத் தண்ணீரில், கால் ஊன்றாமல், தேவையே இல்லாதபோது பழக வேண்டும். தேவை வரும்போது யோசிக்க நேரம் இருக்காது. முதல் சில தடவை சுவரோர லேனில், சுவர்ப் பக்கமாக மூச்சு எடுத்துப் போவது தைரியம் தரும்.

ஒரு எச்சரிக்கை. மூச்சுப் பயிற்சி என்று வேகவேகமாகப் பத்துப் பதினைந்து மூச்சு இழுத்துவிட்டு முங்கவே கூடாது. கார்பன் டை ஆக்சைடு பெருமளவு கழுவிப்போய்விடுவதால் திணறல் என்ற எச்சரிக்கை நேரத்துக்கு வராது, ஆக்சிஜன் தீர்ந்து தண்ணீருக்கடியில் சத்தமில்லாமல் நினைவு தப்பும். நன்றாக நீந்துகிறவர்களே இதில் உயிரை விட்டிருக்கிறார்கள். தனியாகவும் இறங்க வேண்டாம். உயிர்காவலரிடம் ‘ஆழப் பக்கம் புதிதாகப் போகிறேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அவர் கண் நம் மேல் இருக்கும். கெண்டைச்சதை பிடித்துக்கொண்டால் மல்லாந்து படுத்து, கால் விரல்களை முழங்கால் பக்கமாக இழுத்துப் பிடித்தால் விட்டுவிடும்.

இன்னும் பாக்கி இருக்கிறது. வலப்பக்கம் மூச்சு சரளமாக வருகிறது, இடப்பக்கம் உருளும்போது முன்னால் நீட்டிய கை கீழே அமிழ்ந்து தலையையும் இழுத்துப் போகிறது. அதற்கு ஒரு கையை நீட்டி வைத்தபடி பக்கவாட்டில் படுத்து உதைக்கும் பயிற்சி ஆரம்பித்திருக்கிறேன். நடுவில் நின்ற இடத்திலேயே மிதக்க, கால்களை மாற்றி மாற்றிச் சுழற்றும் எக்பீட்டர் உதையும் வேண்டும். இடுப்பு மூட்டு இளகாமல் அது வராது, குளத்துக்கு வெளியே தரையில் உட்கார்ந்தே முட்டியை விரித்துச் சுழற்றிப் பழகுகிறேன். ஆழப் பக்கச் சுவரில் திரும்பி, விளிம்பைப் பிடித்து ஓய்வெடுக்காமல் அடுத்த நீளத்தைத் தொடங்குவது அதற்கப்புறம்.