பாக்ஸை இறக்கச் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்

ஆட்டோமேட்டிக் காரில் கியர் மாறும்போது ஜெர்க் அடித்தால், பல ஒர்க்‌ஷாப்களில் கேட்ட மாத்திரத்தில் "பாக்ஸை இறக்கணும்" என்றுவிடுகிறார்கள், அதாவது கியர்பாக்ஸையே கழற்ற வேண்டும் என்று. அதற்கு முன் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. இங்கே சொல்வது டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் விசையை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) உள்ள வண்டிகளுக்கு. ஏஎம்டி (மேனுவல் கியர்பாக்ஸைத் தானாக இயக்குவது), சிவிடி (பெல்ட்டில் ஓடும் படிகளில்லாத கியர்) பாக்ஸ்களுக்கு வழி வேறு.

முதலில் ஆயில். புது ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) பெரும்பாலும் தெளிந்த சிவப்பு. கருத்துப்போய்த் தீய்ந்த வாடை அடித்தால் உள்ளே கிளட்ச் பிளேட் கருகியிருக்கிறது. ரோஸ்மில்க் மாதிரி கலங்கியிருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் ஓட்டையாகி கூலன்ட் கலந்துவிட்டது. வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது. டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) இல்லாத பாக்ஸ் என்றால் வண்டியைச் சமமாகத் தூக்கி, இன்ஜின் ஓடும்போதே, மேனுவல் சொல்லும் ஆயில் சூட்டில் ஓவர்ஃப்ளோ போல்ட்டைக் கழற்ற வேண்டும். ஒழுகி, சொட்டாகக் குறைந்தால் அளவு சரி. சூடு அதிகமான பிறகு கழற்றினால், விரிந்த ஆயில் வழிந்துபோய் அளவு குறைந்துவிடும். சர்வீசுக்குப் பிறகு தொடங்கும் ஜெர்க்குக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஸ்கேனரில் பி0700 என்ற பழுதுக் கோட் மட்டும் வந்தால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரில் ஏதோ கோட் இருக்கிறது என்ற அறிவிப்புதான் அது. உள்ளே போய்ப் படிக்க வேண்டும். பி0741 என்றால் லாக்கப் (கன்வெர்ட்டரை இன்ஜினோடு நேரடியாகப் பூட்டும் கிளட்ச்) சரியாகப் பிடிக்கவில்லை. பி0730 என்றால் கியர் விகிதம் தப்புகிறது. பேட்டரி வோல்டேஜ், எர்த் வயர் இரண்டையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

60–80 கி.மீ. வேகத்தில், லேசான ஆக்ஸிலேட்டரில் வண்டி நடுங்குகிறதா? ஆளில்லாத நேர் சாலையில், ஆக்ஸிலேட்டரை அப்படியே வைத்துக்கொண்டு, பிரேக் லைட் எரியும் அளவுக்கு மட்டும் இடது காலால் பிரேக்கைத் தொடுங்கள். லாக்கப் விடுபடும். நடுக்கம் அந்தக் கணமே நின்றால் சந்தேகம் லாக்கப் கிளட்ச் மேல், அல்லது பழைய ஆயில் மேல். நிற்காவிட்டால் ஸ்பார்க் பிளக், காயில் பக்கம் போங்கள். பழைய ஆயில் என்றால் ஒருமுறை வடித்து ஊற்றினால் போதாது. கன்வெர்ட்டருக்குள் பாதிக்கு மேல் தங்கிவிடும். சில நாள் ஓட்டி, இரண்டு மூன்று முறை மாற்ற வேண்டும், கம்பெனி சொன்ன அதே கிரேடில்.

நியூட்ரலிலிருந்து டி போட்டால் 1.2 விநாடிக்குள், ஆர் போட்டால் 1.5 விநாடிக்குள் பிடிக்க வேண்டும் என்பது டொயோட்டா மேனுவல்களில் வரும் கணக்கு. சூடானதும் மட்டும் தாமதித்தால் பம்ப், சீல் தேய்மானம்: இளகிய ஆயில் கசிந்து பிரஷர் விழுகிறது. அங்கே பிரஷர் கேஜ் மாட்டிப் பார்ப்பதுதான் முறை. பிரஷரும் குறைவு, ஆயிலும் கருகல், பி0730-யும் வருகிறது என்றால் ஆயில் மாற்றிப் பயனில்லை. அப்போது இறக்கத்தான் வேண்டும்.