நாற்பது பேர் சார்

“தினம் எத்தனை பேர் வர்றாங்க?” என்று நகராட்சி ஆணையர் கேட்டார்.

“நாற்பது பேர் சார்” என்றேன்.

நான்கு வருடம் ஆகிறது. இன்னும் அந்தப் பதில் என்னை விடவில்லை.

நாங்கள் போனது நூலக வரி நிலுவைக்காக. சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா. நகராட்சி வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கொடுத்துவிட வேண்டும். எங்கள் ஊரில் வசூல் ஒழுங்காக நடந்தது, பணம்தான் போய்ச் சேரவில்லை. எங்கள் நூலகச் சங்கத்தின் சார்பில் நான்கு பேர் மனுவோடு போனோம். மனுவை எழுதியது நான். வாசகர் எண்ணிக்கையை வேண்டுமென்றே அதில் சேர்க்கவில்லை. “அதைப் போட்டா பேச்சு அங்கேயே போயிடும் தம்பி” என்று தலைவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். ஓய்வு பெற்ற நூலகர் அவர். இப்படி எத்தனையோ அறைகளில் காத்திருந்து பழகியவர்.

ஆணையர் சிடுசிடுப்பான ஆள் இல்லை. டீ வரவழைத்தார், இரண்டு பக்கத்தையும் முழுதாகப் படித்தார். நான் அந்த ஊர்க் கிளை நூலகர் என்று தெரிந்ததும் என் பக்கம் திரும்பித்தான் அதைக் கேட்டார். என் பதிலைக் கேட்டுவிட்டு, “நாற்பது பேருக்கா இவ்வளவு?” என்றார். எனக்கு வாயே எழவில்லை. தலைவர்தான் பேச்சை எடுத்து, சட்டத்துக்குத் திருப்பி, எப்படியோ முடித்துவைத்தார்.

சொல்லியிருக்க வேண்டியது எனக்குத் தெரியாததா? இது நகராட்சியின் பணமே இல்லை. வீட்டுக்காரர்கள் நூலகத்துக்கென்று கட்டியது. நாற்பது பேர் வந்தாலும் நானூறு பேர் வந்தாலும் கொடுக்க வேண்டியது கொடுக்க வேண்டியதுதான். நான் எழுதிய மனுவில் இரண்டாவது பத்தியே இதுதான். எழுதத் தெரிந்த எனக்கு எதிரே உட்கார்ந்து சொல்ல வரவில்லை.

ஆனால் பொய் சொல்லியிருக்க வேண்டுமா என்று கேட்டால், அதுவும் இல்லை. வருகைப் பதிவேட்டின் சராசரி அதுதான். நூறு என்று சொல்லி, மறுநாள் ஓர் ஆளை அனுப்பிப் பதிவேட்டைப் பார்த்திருந்தால் சங்கத்தின் மானமும் சேர்ந்து போயிருக்கும். இப்படி நினைக்கும்போது மனம் கொஞ்சம் அடங்கும்.

பிறகு பதிவேட்டில் இல்லாதவர்கள் நினைவுக்கு வருவார்கள். பள்ளி விட்டதும் பையோடு ஓடி வரும் பிள்ளைகள் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. நாளிதழ் பார்க்க வரும் பெரியவர்களில் பாதிப் பேர் போடுவதில்லை. ஓர் அம்மா ஒரே உறுப்பினர் அட்டையில் புத்தகம் எடுத்துப் போவார், வீட்டில் ஐந்து பேர் படிப்பார்கள். குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் காலையில் வந்து மாலைவரை இருப்பாள். அவளும் ஒரு கையெழுத்து, ஐந்து நிமிடம் தலைகாட்டிப் போகிறவரும் ஒரு கையெழுத்து. நான் சொன்னது உண்மையா, பதிவேடு சொன்னதா?

திரும்பி வரும்போது பேருந்தில் தலைவர் என்னைக் குறை சொல்லவில்லை. 1928இல் சென்னை நூலகச் சங்கம் தொடங்கியதையும், இந்திய நூலக அறிவியலின் தந்தை எனப்படும் எஸ்.ஆர். அரங்கநாதன் அதன் செயலாளராக நின்று உழைத்ததையும், பொது நூலகச் சட்டம் வர இருபது வருடம், 1948வரை ஆனதையும் பேசிக்கொண்டே வந்தார். மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் 1931இல் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகப் போனார்களே, அதையும் சொன்னார். “எத்தனை பேர் வருவாங்கன்னு கேட்டுட்டா வண்டி கட்டினாங்க?” என்றார். என்னைத் தேற்றத்தான் சொன்னார் என்று அப்போது எடுத்துக்கொண்டேன். அங்கே நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலே அதுதான் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

இரண்டு மாதம் கழித்து நிலுவையில் ஒரு பகுதி வந்தது. மனு வேலை செய்தது என்றார் தலைவர். உடன் வந்த நண்பர் வேறு மாதிரி சொன்னார்: “நீங்க உள்ளதைச் சொன்னதாலதான் அவருக்கு நம்ம மேல நம்பிக்கை வந்திருக்கும்.” அப்படியும் இருக்கலாம். அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. கொடுக்க வேண்டிய பணத்தைக் கொடுக்க ஒருவருக்கு நம் மேல் நம்பிக்கை எதற்கு? அதுவும் ஒரு பகுதிதானே வந்தது. மீதியை நாற்பது என்ற எண்தான் தடுத்ததோ என்று ராத்திரியில் தோன்றும். காலையில், ஓர் எண்ணுக்கு அவ்வளவு சக்தி ஏது என்று தோன்றும்.

இதையெல்லாம் இளம் நூலகர்களிடம் சொல்லும்போது, யாராவது எண்ணிக்கை கேட்டால் சட்டத்தைச் சொல்லுங்கள், எண்ணில் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள் என்கிறேன். மனதார நம்பித்தான் சொல்கிறேன்.

ஆனால் என் மேசை இழுப்பறையில் ஒரு நோட்டு இருக்கிறது. கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும், உள்ளே வரும் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு கோடு போடுகிறேன். மேலிடத்தில் யாரும் கேட்கவில்லை, சங்கத்துக்கும் தெரியாது. நேற்று மழை. அப்படியும் 67 கோடுகள்.