ஹோம்ஸ் பாடத்தை வழக்கிலிருந்து படியுங்கள்

குற்றவியல் முதுகலைத் தேர்வில் காவல்துறைக் கணினி அமைப்புகள் பகுதி வந்தால், பலரும் சுருக்கப்பெயர்களின் விரிவாக்கத்தை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டுப் போகிறார்கள். 'இந்த அமைப்பு ஏன் தேவைப்பட்டது?' என்று கேள்வி வந்தால் பேனா நகராது. நான் இந்தப் பகுதியை அமைப்பிலிருந்து தொடங்காமல், அதற்குக் காரணமான வழக்கிலிருந்து தொடங்கிப் படித்தேன். அதற்குப் பிறகு எதையும் மனப்பாடம் செய்யத் தேவைப்படவில்லை.

பெரிய வழக்குகளின் விசாரணைத் தகவல்களைக் கையாளும் பிரிட்டிஷ் காவல்துறைக் கணினி அமைப்பான ஹோம்ஸுக்கு அந்த வழக்கு இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் தொடர் கொலைகள். 1975 முதல் 1980 வரை 13 பெண்கள் கொல்லப்பட்டார்கள். கொலையாளி பீட்டர் சட்கிளிஃபைப் போலீசார் 9 முறை விசாரித்தும் விட்டுவிட்டார்கள். லீட்ஸ் நகரின் மில்கார்த் காவல் நிலையத்தில் குவிந்த விசாரணைக் காகிதங்களின் பாரத்தைத் தாங்கத் தரையையே பலப்படுத்த வேண்டியிருந்தது. ஒரே ஆளைப் பற்றிய தகவல்கள் வெவ்வேறு அட்டைகளில் சிதறிக் கிடந்தன. கடைசியில் 1981 ஜனவரியில் ஷெஃபீல்டில் அவர் சிக்கியது போலி நம்பர் பிளேட்டால்.

இந்தத் தோல்வியை ஆராய்ந்தது காவல்துறை உயர் அதிகாரி லாரன்ஸ் பைஃபோர்டின் அறிக்கை. 2006-ல் பொதுவெளிக்கு வந்தது. அவசியம் தேடிப் படியுங்கள். அதைப் படித்தால், 1985-ல் வந்த ஹோம்ஸ் ஏன் ஆட்கள், வண்டிகள், தெருக்கள், தொலைபேசி எண்கள் எல்லாவற்றையும் அட்டவணைப்படுத்தி ஒன்றோடொன்று இணைக்கிறது என்பது தானாகப் புரியும்.

இன்னொரு பயிற்சியும் எனக்குக் கைகொடுத்தது. நாளிதழில் வந்த ஒரு வழக்கை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் வண்டிக்கும் இடத்துக்கும் தனித்தனிச் சீட்டு எழுதிப் பாருங்கள். இருபது சீட்டு சேர்வதற்குள்ளேயே எதை எதோடு சேர்ப்பது என்று திணறுவீர்கள்.

விடையில் ஒன்றை மறக்காமல் எழுதுங்கள். 1979-ல் வந்த போலி ஒலிநாடாவைக் கொலையாளியின் குரல் என்று நம்பி, அந்த உச்சரிப்பு இல்லாதவர்களை அதிகாரிகள் ஒதுக்கினார்கள். அது மனிதர்கள் எடுத்த முடிவு. தவறான அனுமானத்தைக் கொடுத்தால், கணினியும் அந்த வழியில்தான் தேடியிருக்கும். இதைச் சேர்த்து எழுதினால்தான் விடை முழுமையாகும் என்பது என் கருத்து.

அப்புறம், ஹோம்ஸையும் நம் நாட்டின் சிசிடிஎன்எஸ்ஸையும் ஒன்றாக எழுதாதீர்கள். 2009-ல் ஒப்புதல் பெற்ற சிசிடிஎன்எஸ், நாடு முழுக்க உள்ள காவல் நிலையங்களின் முதல் தகவல் அறிக்கைகளையும் பதிவுகளையும் இணைப்பது. ஹோம்ஸ் ஒரு பெரிய வழக்கின் விசாரணையை உள்ளிருந்து நடத்த உதவுவது. அமெரிக்காவின் வைகேப் வேறு வேலை செய்கிறது. வெவ்வேறு ஊர்களில் நடந்த குற்றங்கள் ஒரே ஆளின் செயலா என்று ஒப்பிட்டுப் பார்க்க உதவுகிறது.