கல் எந்த ஊர்

ஜூன் 3, மயூர் விஹார்
ஸ்கேன் எடுத்த பெண் இடப்பக்கம் ஒருக்களிக்கச் சொன்னாள். திரும்பியதும் திரையில் கற்கள் வெள்ளைப் பொட்டுகளாகப் பித்தப்பைக்குள் உருண்டு போயின, ஒவ்வொன்றின் அடியிலும் கறுப்பாக நிழல். பெரியதே 6 மில்லிமீட்டர்தானாம். இதற்கா அந்த வலி?

ஜூன் 4
பித்தப்பையை எடுத்துவிடுவதுதான் முறை என்றார் டாக்டர். இவருக்கும் அதே அபிப்பிராயம். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. சிடி ஸ்கேனில் கல்லில் சுண்ணாம்பு தெரியவில்லை, பை ஒழுங்காகச் சுருங்குகிறது, கல்லும் சிறிசு. சரி, கல்லைக் கரைக்கிற மாத்திரை, உர்சோடிஆக்சிகோலிக் அமிலம், கொடுத்துப் பார்க்கலாம் என்று இறங்கி வந்தார். 300 மில்லிகிராம், காலையில் ஒன்று, இரவில் ஒன்று.

ஜூன் 9
கொலஸ்ட்ரால் கல்லாக இருந்தால்தான் கரையுமாம். வடக்கே பெரும்பாலும் அதுதான். நம் பக்கம் நிறமிக் கல் அதிகம், அது இந்த மாத்திரைக்கு மசியாது. பிறந்தது கும்பகோணம், வாழ்க்கைப்பட்டது டில்லி. என் கல் எந்த ஊர்? இவரிடம் கேட்டேன். "ரேஷன் கார்டு இங்கதானே இருக்கு" என்றார்.

ஜூன் 10
லேசாக வயிற்றுப்போக்கு. மோர்சாதம்.

ஜூன் 17
தூக்கம் வரவில்லை, படித்துக்கொண்டிருந்தேன். கொலஸ்ட்ரால் தண்ணீரில் கரையாது. பித்த உப்பும் லெசித்தின் என்கிற கொழுப்பும்தான் அதைத் தாங்கிப் பிடிக்கின்றன. தாங்கும் அளவை மீறினால், ஆறின பாகில் சர்க்கரை பூப்பது மாதிரி படிகம் இறங்குகிறது. இந்த மாத்திரை, ஈரல் பித்தத்தில் விடுகிற கொலஸ்ட்ராலைக் குறைக்கிறது. அப்படி இளைத்த பித்தம் கல்லின் மேற்பரப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொலஸ்ட்ராலை இழுத்துக்கொள்ளும். அதனால்தான் மாதக்கணக்காகிறது. 1972-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்காரர்கள் கல்லைக் கரைத்துக் காட்டியது இதன் பங்காளி, கீனோடிஆக்சிகோலிக் அமிலத்தால். அது வயிற்றைக் கலக்கும், ஈரல் என்சைமையும் ஏற்றும். 1981-இல் வந்த பெரிய அமெரிக்க ஆய்வில், தினம் 750 மில்லிகிராம் வீதம் இரண்டு வருஷம் சாப்பிட்டும் முழுக்கக் கரைந்தது 13.5 சதவீதம் பேருக்குத்தான்.

அது வேறு மருந்து. அது வேறு மருந்து.

ஜூன் 18
இவர் லேப்டாப்பை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

ஜூன் 22
அம்மா போன். "வாழைத்தண்டுச் சாறு குடிடீ." அது சிறுநீரகக் கல்லுக்கும்மா என்றால், "கல்லுன்னா கல்லுதானே" என்கிறாள். மாத்திரையின் பூர்வோத்தரத்தை அவளிடம் சொல்லவில்லை. கரடிப் பித்தத்தில் இருக்கிற சரக்கு, இப்போது மாட்டுப் பித்தத்திலிருந்து மாற்றி எடுக்கிறார்கள். வெங்காயமே சேர்க்காத வீடு.

ஜூலை 1
மேல்வீட்டு ஆன்ட்டி சோலே பட்டூரே கொண்டுவந்தார். அந்த வீட்டுப் பெண்கள் ஒருத்திக்கும் பித்தப்பை கிடையாது. "நிகல்வா தோ, பேட்டா." எடுத்துப் போட்டுடு என்கிறார். எல்லோரும் பூரி பூரியாகச் சாப்பிடுகிறார்கள், எனக்கு வாசனை.

ஜூலை 8
கரைந்தாலும் ஐந்து வருஷத்துக்குள் பாதிப் பேருக்குத் திரும்ப வருமாம். இவருக்கும் தெரியும். சொல்லிக்காட்ட மாட்டேன் என்கிறார், அதுதான் எரிச்சல்.

ஜூலை 15
ஆடிக்கு ஊருக்குப் போகிறேன். அங்கே ஸ்கேன் எடுத்தால் கல் வேறு மாதிரி தெரியுமோ என்று ஒரு பைத்தியக்கார யோசனை. மாத்திரை இரண்டு அட்டை கூடுதலாக வாங்கியாச்சு. இவருக்கு லீவு இல்லையாம். நேற்று ராத்திரி வலது விலாவுக்குக் கீழே லேசாக வலித்தது, தோள் வரைக்கும் ஏறவில்லை. டிக்கெட்டை ரத்து செய்யச் சொல்லிவிடுவார் என்று