பிள்ளையை அடிக்கச் சொல்லும் மலாயாக் கடிதம்: விற்க முதல்

யாழ்ப்பாணத்து றங்குப் பெட்டிகளில் மலாயாக் கடிதங்கள் இன்னும் இருக்கின்றன. மலாயாவில் (இன்றைய மலேசியாவும் சிங்கப்பூரும்) றெயில்வேயிலும் கந்தோர்களிலும் உத்தியோகம் பார்த்த தகப்பன்மார் ஊரிலிருந்த பிள்ளைகளைக் கடிதத்தாலேயே வளர்த்தார்கள். அனுப்பிய காசின் கணக்கு, காணி வழக்கு, அதற்கிடையில் படிக்காத மகனைப் பூவரசந்தடியால் அடித்து முழங்காலில் நிறுத்தச் சொல்லும் வரி. சேகரிப்பவர்கள் தேடுவது இந்தக் கலவையைத்தான்.

முதலில், முத்திரையைப் பிய்க்காதீர்கள். மலாய்ச் சமஷ்டியின் (பிரிட்டிஷ் ஆட்சியின் கீழிருந்த நான்கு மலாய் அரசுகளின் கூட்டு) புலி முத்திரை தனியே எளிதாகக் கிடைக்கும். உறையோடு இருந்தால்தான் அது சாட்சி. முன்பக்கத்தில் புறப்பட்ட தபால் குறி, பின்பக்கத்தில் பெரும்பாலும் ஊர்த் தபாற்கந்தோரின் குறி. உள்ளே இருக்கும் திகதி சரியா என்று சொல்வது அந்த இரண்டும்தான்.

அந்தத் திகதியில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். தலைப்பில் பிள்ளையார் சுழி, அதன் கீழே "பிரபவ ௵ தை ௴" என்று இருக்கும் (௵ வருடம், ௴ மாதம்). பிரபவ 60 வருடத்துக்கு ஒரு முறை வருவது: 1867, 1927, 1987. ஆண்டு சித்திரையில் பிறப்பதால் தை மாதம் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும். ஆகவே 1927இல் பிறந்த பிரபவவின் தை, 1928 ஜனவரி–பெப்ரவரி. புலி முத்திரை ஒட்டியிருந்தால் 1868 என்ற பேச்சுக்கே இடமில்லை, அப்போது அந்த முத்திரையே இல்லை.

சிங்கப்பூர் 1942 பெப்ரவரி 15இல் வீழ்ந்தது. அதிலிருந்து 1945இல் யப்பான் சரணடையும்வரை மலாயாவிலிருந்து இங்கே சாதாரண தபால் வரவில்லை. அந்த இடைவெளியில் திகதியிட்ட கடிதத்தை நம்பாதீர்கள். எழுத்தையும் பாருங்கள். பழைய கையெழுத்தில் ணை, லை, ளை, னை நான்கிலும் ஐகாரம் தலையில் துதிக்கைபோல் வளையும். இன்றைய வடிவம் 1978இல் தமிழ்நாட்டு அரசு கொண்டுவந்த சீர்திருத்தத்துக்குப் பிறகு பரவியது. 1930இன் கடதாசி என்று சொல்லப்படுவது புற ஊதாக்கதிர் (UV) ரோச்சில் பளிச்சென நீலமாக ஒளிர்ந்தாலும் சந்தேகியுங்கள். கடதாசிக்கு அப்படியான வெண்மையூட்டி சேர்ப்பது 1950ஐ ஒட்டித்தான் பரவலானது.

பழைய இரும்பு மை கறுப்பிலிருந்து கபில நிறமாகி, எழுத்தின் கோட்டிலேயே கடதாசியை அரிக்கும். வெளிச்சத்துக்குப் பிடித்தால் அழுத்தி எழுதிய சுழிகளில் ஊசித் துவாரங்கள் தெரியும். ஈரம் பட்டால் அரிப்பு கூடும், ஆகவே ஈரத்துணியால் துடைக்கக் கூடாது, அயன் பண்ணவும் கூடாது. இரண்டு ஒற்றுத்தாளுக்கிடையில் வைத்து, மேலே பாரமான புத்தகம் ஒன்றை நாலு நாள் வைத்தால் போதும். மடிப்பு முறியத் தொடங்கினால் அதோடு நிறுத்திவிடுங்கள். கிழிசலில் செலோரேப் ஒட்டாதீர்கள், அதன் பசை மஞ்சளாகி உள்ளே இறங்கும், பிறகு எடுக்கவே முடியாது. லமினேற் பண்ணினால் கடிதம் போனது போனதுதான். பீ.வீ.சீ. உறை வேண்டாம், பொலியெஸ்டர் உறை நல்லது. மாரி மாதங்களில் பெட்டியை நிலத்திலும் சுவரோரத்திலும் வைக்காதீர்கள், கறையான் ஒரு கிழமைக்குக் காத்திராது.

600 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) கடிதமும் உறையும் இருபக்கமும் ஸ்கான் எடுங்கள், வெறும் பக்கத்தையும் சேர்த்து. பிறகு எழுத்துக்கு எழுத்துப் படியெடுங்கள். இங்கேதான் குடும்பங்கள் தடுமாறுகின்றன. அப்புவின் பெயர் கெடும் என்று அடிக்கச் சொன்ன வரியை "கண்டித்து வளர்க்கவும்" என்று மாற்றிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எத்தனை அடி, எந்தத் தடி, யார் அடிப்பது, தாயா மாமனா வாத்தியாரா, அடிக்குப் பிறகு என்ன சாப்பாடு என்பதெல்லாம் வேறெந்தப் பதிவிலும் அகப்படாது. வாசிக்க முடியாத சொல்லை ஊகித்து நிரப்பாமல் மூன்று புள்ளி வையுங்கள்.

கட்டாக இருப்பதைப் பிரித்து விற்காதீர்கள். அடிக்கச் சொன்ன கடிதத்துக்கு அடுத்த கடிதத்தில் அந்தப் பிள்ளை சோதினை பாஸ் பண்ணியிருக்கலாம், தகப்பன் மனம் வருந்தியிருக்கலாம். ஒன்றை எடுத்தால் மற்றது ஊமை.

கடிதத்தை வாங்குபவருக்கு அதைப் பிரசுரிக்கும் உரிமை சேராது. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமை எழுதியவர் இறந்து 70 ஆண்டுவரை வாரிசுகளுக்கே உண்டு. விற்பனை ரசீதில் இதை எழுதுங்கள். அடி வாங்கிய பிள்ளை இன்று யாருக்கோ தாத்தா அல்லது பாட்டி. விளம்பரப் படத்தில் பெயர் வரும் இடத்தை ஒரு கடதாசித் துண்டால் மூடிப் படம் எடுங்கள்.