எந்தக் கண், எந்தக் கை: ரைசர் (வில்லின் நடுப்பிடி) வாங்கும் முன் செய்து பார்த்தவை

வில்வித்தை வகுப்பில் புதிதாகச் சேருபவரிடம் "எழுதுற கை எது?" என்று கேட்டுவிட்டு, அதற்கேற்ற வில்லைக் கையில் கொடுப்பதுதான் பெரும்பாலான இடங்களில் வழக்கம். பத்தில் ஒன்பது பேர் வலது கைக்காரர்கள். ஆனால் வலது கண் முந்துவது (குறிபார்க்கும்போது மூளை அந்தக் கண்ணையே நம்புவது) ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்குத்தான். மீதிப் பேரில் பெரும்பாலோருக்கு இடது கண் முந்தும். இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்தாலே போதும், வலது கையும் இடது கண்ணுமாக இருப்பவர்கள் எல்லா வகுப்பிலும் இருப்பார்கள் என்பது தெரிந்துவிடும். "எவ்வளவு குறிபார்த்தாலும் அம்பு இடது பக்கமே போகுது" என்று மாதக்கணக்கில் தவிப்பவர்களில் பலர் இவர்கள்தான். ஆரம்பத்தில் அரைமணி நேரம் ஒதுக்கினால் இதைத் தவிர்த்துவிடலாம்.

வலது கை வில் என்றால் இடது கையில் பிடித்து, வலது கையால் நாணை இழுப்பது. குறிபார்க்க வேண்டியது வலது கண். கீழே சொல்லியிருப்பதெல்லாம் வலது கை ரிகர்வ் வில்லை (நுனிகள் முன்பக்கம் வளைந்தது) வைத்துத்தான். இடது கைக்கு வலது, இடதை மாற்றிக்கொள்ளவும்.

அம்பு எவ்வளவு விலகும்?

நாணை முழுதாக இழுத்துத் தாடைக்கடியில் ஆங்கர் வைத்தால் (இழுத்த கையை முகத்தில் ஊன்றினால்), அம்பின் வால் வலது கண்ணுக்கு நேர் கீழே வந்து நிற்கும். பெரியவர்களுக்கு இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே சராசரியாக 63 மி.மீ. இடைவெளி. சைட் பின் (வில்லில் பொருத்திய குறிபார்க்கும் முள்) கண்ணிலிருந்து சுமார் 85 செ.மீ. தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். இப்போது வலது கண்ணுக்குப் பதில் இடது கண் பின்னையும் இலக்கையும் ஒரே கோட்டில் சேர்த்தால், அம்பின் முனை அந்தக் கோட்டில் இருக்கும். வால் மட்டும் 6.3 செ.மீ. வலப்பக்கம் இருக்கும். அம்பு கோட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு இடது பக்கம் போகும். கணக்குப் போட்டால் 5 மீட்டரில் 31 செ.மீ., 10 மீட்டரில் 68 செ.மீ., 18 மீட்டரில் 1.27 மீட்டர் விலகல். 18 மீட்டர் உள்ளரங்குப் போட்டியின் டார்கெட்டே 40 செ.மீ. விட்டம்தான். அம்பு, டார்கெட் ஒட்டும் பட்ரஸையே தாண்டிப் பின்னாலிருக்கும் வலைக்குப் போய்விடும்.

களத்தில் எல்லாருக்கும் இந்த அளவு அப்படியே வராது. உடம்பு தானாகவே ஈடுகட்டப் பார்க்கும். தலையை வலது தோள் பக்கம் சாய்த்து இடது கண்ணை நாணுக்குப் பின்னால் கொண்டுவருவார்கள், அல்லது நாணை மூக்கைத் தாண்டி இழுத்துவருவார்கள். இலக்கைப் பார்த்தபடி நேராக இருந்த தலை, நாண் முகத்துக்கு வரும் நேரத்தில் மட்டும் சாய்ந்தால் முதலில் கண்ணைச் சந்தேகப்பட வேண்டும். "தலையை நேரா வை" என்று திரும்பத் திரும்பச் சொல்வதில் பயன் இல்லை, காரணம் கழுத்தில் இல்லை.

முக்கோணச் சோதனை, அது ஏமாற்றும் இடங்கள்

இரண்டு கைகளையும் முழுதாக நீட்டி, கட்டைவிரல் பிளவுகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை விட வேண்டும். இரண்டு கண்ணும் திறந்திருக்க, அதன் வழியாக 3 மீட்டர் தள்ளி நிற்பவரின் மூக்கைப் பார்க்க வேண்டும். எதிரில் நிற்பவருக்கு அந்த ஓட்டையில் ஒரே ஒரு கண் தெரியும். அதுதான் முந்தும் கண். ஓட்டையை முகத்தை நோக்கி இழுத்து எந்தக் கண்ணில் வந்து முடிகிறது என்று பார்க்கும் முறையும் இருக்கிறது. அதில் பழக்கமுள்ள கை தன் பக்கமே இழுத்துவிடுகிறது. எதிராளி பார்த்துச் சொல்வதே நம்பகம்.

ஓட்டை பெரிதாக இருந்தால் இரண்டு கண்ணும் தெரியும், முடிவு வராது. எதைச் சோதிக்கிறோம் என்று முன்கூட்டியே சொன்னால் பலர் தன்னறியாமல் ஒரு கண்ணைச் சுருக்குவார்கள். அதனால் "என் மூக்கைப் பாருங்க" என்று மட்டும் சொன்னால் போதும். கைகளை இறக்கி, வேறெங்காவது பார்க்கச் சொல்லி, மறுபடி உயர்த்தச் சொல்ல வேண்டும். ஒரு தடவை பார்த்து முடிவுகட்டக் கூடாது. சிலருக்கு ஒருமுறை வலது, மறுமுறை இடது என்று வரும். அது சோதனையின் கோளாறு இல்லை. அவர்களுக்கு ஒரு கண் முந்தும் ஆதிக்கம் பலவீனமாக இருக்கிறது என்று பொருள், அதுவே முக்கியமான தகவல்.

அந்தப் பலத்தை அளக்க விரல் சோதனை. இத்தாலியின் ஜியாம்பாட்டிஸ்டா டெல்லா போர்ட்டா 1593-இல் வெளியிட்ட நூலிலேயே இருப்பது இது. ஆள்காட்டி விரலை நீட்டித் தொலைவில் இருக்கும் கம்பத்துக்கு நேராகப் பிடித்து, பார்வையைக் கம்பத்தில் வைத்தால் விரல் இரண்டாகத் தெரியும். ஒன்று அழுத்தமாகவும் மற்றது ஆவி மாதிரி மங்கலாகவும் இருந்தால் ஆதிக்கம் வலுவானது. இரண்டும் சமமாகத் தெரிந்து "எந்த விரலை வைக்கிறது?" என்று குழம்பினால் பலவீனமானது.

முந்தும் கண் என்றால் பார்வை கூர்மையான கண் என்று அர்த்தமில்லை. கண்ணாடி பவர் கூடுதலாக உள்ள கண்ணே முந்துவதும் உண்டு. பார்வை மங்கலாக இருப்பதும் பெரிய தடை இல்லை. பார்வைக் குறைபாடு உள்ள தென் கொரியாவின் இம் டோங்-ஹியுன், 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 720-க்கு 699 எடுத்து உலக சாதனை படைத்தார்.

நேராக நின்று பார்த்தது போதாது

பலரும் விட்டுவிடும் இடம் இது. முக்கோணச் சோதனையில் இலக்கை நேருக்கு நேர் பார்க்கிறோம். வில் விடும்போது உடம்பு பக்கவாட்டில் நிற்கிறது, முகம் இடது தோளுக்கு மேல் திரும்புகிறது. கழுத்து முழுதாகத் திரும்பாவிட்டால் மீதித் தூரத்தைக் கண்மணிகள்தான் இடது ஓரத்துக்குப் போய் ஈடுகட்டும். கண் அப்படி ஓரத்துக்குப் போகும்போது ஆதிக்கமே மறு கண்ணுக்கு மாறலாம் என்பதை கனடாவின் கான், க்ராஃபோர்டு இருவரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். இடது ஓரத்தில் பார்த்தால் இடது கண் முந்துகிறது. மூக்கும் வலது கண்ணின் பார்வையைக் கொஞ்சம் மறைக்கும். அதனால் வலது கண் முந்துபவர்கூட, கழுத்து இறுக்கத்தால் இடது கண்ணால் குறிபார்ப்பது நடக்கும்.

இதைச் சோதிக்க வில் வேண்டாம். வில்லை, அம்பு இல்லாவிட்டாலும், ஆள் இருக்கும் பக்கம் இழுக்கவே கூடாது. இடது கையில் 2 செ.மீ. சாவி வளையம் ஒன்றை நிமிர்த்திப் பிடித்து, வலது கையை ஆங்கரில் வைத்து, வில் விடும் நிலையிலேயே நின்று, வளையம் வழியாக எதிராளியின் மூக்கைப் பார்க்க வேண்டும். முகத்தை முழுதாகத் திருப்பி ஒரு முறை, பாதி திருப்பி ஒரு முறை. முழுதாகத் திருப்பும்போது வலது கண் தெரிந்து, பாதியில் இடது கண் தெரிந்தால் கையை மாற்றத் தேவையே இல்லை. பாதங்களை இலக்குப் பக்கம் 20, 30 டிகிரி திறந்து நின்றால் கழுத்து இலகுவாகிவிடும், சிக்கல் தீர்ந்துவிடும்.

5 மீட்டரில் அம்பு சொல்வது

16 முதல் 20 பவுண்டு வில், 5 மீட்டர் தூரம், நடுவில் 5 செ.மீ. வட்டம் ஒட்டிய பட்ரஸ். 10 மீட்டரில் இதைச் செய்யக் கூடாது. மேலே சொன்ன கணக்குப்படி அம்பு பட்ரஸின் விளிம்பைத் தாண்டும். முதலில் இடது கண்ணை மூடிக்கொண்டு அம்பு விட்டு, சைட்டை நடுவுக்குச் சரிசெய்துகொள்ள வேண்டும். பிறகு சைட்டைத் தொடாமல், இரண்டு கண்ணும் திறந்து மூன்று அம்பு. மறுபடி மூடி மூன்று.

இரண்டு தொகுதியும் ஒரே இடத்தில் விழுந்தால் பிரச்சினை இல்லை. திறந்தபோது எல்லாம் 20, 30 செ.மீ. இடது பக்கம் போனால் இடது கண் வலுவாக முந்துகிறது. சிலருக்கு இரண்டு அம்பு நடுவிலும் ஒன்று தூரத்திலும் விழும். கண் இடையிடையே மாறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது.

அம்பு இடது பக்கம் போக வேறு காரணங்களும் உண்டு: வில்லின் பலத்துக்கு அம்பு விறைப்பாக இருப்பது, பிளஞ்சர் (அம்பைப் பக்கவாட்டில் தாங்கும் ஸ்பிரிங் பொத்தான்) அதிகம் வெளியே நிற்பது, நாணை விடும்போது விரல்கள் வெளிப்பக்கம் பிடுங்குவது. ஆனால் 5 மீட்டரில் இவற்றால் வரும் விலகல் சில செ.மீ.தான். கண்ணை மூடினாலும் திறந்தாலும் அது மாறாது. கண்ணை மூடியதும் மறைகிற விலகல் கண்ணுடையது.

இன்னொரு சோதனை நாணிடமே இருக்கிறது. முழு இழுப்பில் பார்வை இலக்கில் இருக்கும்போது, சைட் பின்னுக்குச் சற்று வலப்பக்கம், ரைசர் விளிம்பை ஒட்டி நாணின் மங்கலான கோடு தெரிய வேண்டும். அது கண்ணில் படவே இல்லை, அல்லது எங்கோ வலது ஓரத்தில் நிற்கிறது என்றால் பார்த்துக்கொண்டிருப்பது இடது கண்.

காம்பவுண்டில் (கப்பி வைத்த வில்) நாணில் பீப் சைட் (ஊடே பார்க்கும் சிறு துளை) இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. என்றாலும் மாலை வெளிச்சம் மங்கும்போது பீப் இருண்டு, திறந்திருக்கும் இடது கண் பின்னைப் பிடித்துக்கொள்ளும். காலையில் நடுவில் விழுந்த அம்பு சாயங்காலம் விலகினால் சைட்டைத் திருப்புவதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும்.

மறைப்பதா, மாற்றுவதா

இன்னும் வில் வாங்காதவர், ஆதிக்கம் வலுவாக எதிர்ப்பக்கம் இருக்கிறது என்றால் எங்கள் பரிந்துரை தயக்கமில்லாமல் கண் பக்கம்தான், அதாவது முந்தும் கண் பக்கத்துக் கையால் இழுப்பது. நாணை இழுப்பதும் விடுவதும் பெரிய முதுகுத் தசைகளின் வேலை. எழுதுவது போன்ற நுணுக்கம் அதில் இல்லை. புதியவருக்கு இரண்டு கையும் ஏறக்குறைய புதிதுதான். ஏற்கெனவே ஒரு வருடத்துக்கு மேல் ஒரு கையில் பழகியவருக்கும், ஆதிக்கம் பலவீனமானவருக்கும் கண்ணை மறைப்பதே லாபம். மறுகைத் தோளில் பழைய காயம் இருப்பவரும் மாற்ற வேண்டாம்.

ஒவ்வொரு அம்புக்கும் கண்ணை இறுக்கி மூடுவது சின்ன வயதினருக்கு ஓடும். 72 அம்பு விடும் நாளில் கன்னத் தசை சோர்ந்து, திறந்த கண்ணும் சுருங்கிவிடும். ஆங்கர் வந்தபின் மூடினால் குறி துள்ளும். வில்லை உயர்த்தும்போதே மூடிவிட வேண்டும். இதைவிடக் கண்ணாடியின் இடது லென்ஸில் மங்கலான செல்லோ டேப் ஒட்டுவது நல்லது. கறுப்புத் துணியைவிட வெளிச்சம் விடும் டேப் மேல். ஒரு கண்ணை இருட்டாக்கினால் மறு கண்ணின் பாப்பாவும் சற்று விரியும். பயிற்சியில் பார்வைக் கோடு கடக்கும் இடத்தில் மட்டும் 2 செ.மீ. துண்டு போதும், மற்ற நேரம் இரண்டு கண்ணும் வேலை செய்யும். போட்டிக்கு முழு லென்ஸையும் மறைத்துவிடுவது பாதுகாப்பு. ரிகர்வில் கண்ணை மறைக்க உலக வில்வித்தை விதிகள் அனுமதிக்கின்றன. நுண்துளை லென்ஸுக்கு அனுமதி இல்லை.

கை மாற்றும்போது

வலது கை ரைசரைத் திருப்பிப் பிடித்து இடது கையால் இழுத்துப் பார்க்க வேண்டாம். சைட் விண்டோ (ரைசரில் பார்வை போகும் வெட்டு), ரெஸ்ட் (அம்பு தாங்கி), சைட் பின் எல்லாம் தப்பான பக்கம் இருக்கும், அம்பு நழுவும். இரண்டு பக்கமும் தாங்கு உள்ள பயிற்சி வில் கிடைத்தால் நல்லது. முதலில் எலாஸ்டிக் பட்டையைக் கண்ணாடி முன் இழுத்துத் தோள்கள் சமமாக நிற்கிறதா என்று பார்ப்பது, பிறகு பழைய பலத்தில் மூன்றில் இரண்டு பங்கு வில்லுடன் 3 மீட்டரில் டார்கெட் ஒட்டாத வெறும் பட்ரஸில் விடுவது. இந்தக் கட்டத்தில் குறிபார்க்கவே கூடாது. புதிதாக வில் பிடிக்கும் கையின் முழங்கை உட்பக்கம் திரும்பியிருக்கும், நாண் அங்கே அடிக்கும். முழங்கைக் குழி செங்குத்தாக நிற்கும்படி கையைச் சுழற்றிக்கொண்டு, ஆர்ம் கார்டை (முன்கைக் காப்பு) மறக்காமல் மாற்ற வேண்டும். நிறம் வேறான ஒற்றை இறகு ரைசருக்கு எதிர்ப்பக்கம், அதாவது இப்போது வலப்பக்கம் நிற்க வேண்டும். பழைய பழக்கத்தில் இடப்பக்கம் மாட்டினால் இறகு ரெஸ்ட்டில் உரசி அம்பு துள்ளும்.

லிம்ப் (வில்லின் வளையும் பகுதிகள்), நாண், ஸ்டெபிலைசர் (வில் ஆடாமல் நிறுத்தும் தண்டு), பிளஞ்சர் அப்படியே உதவும். அம்புகளும் உதவும், ஆனால் வில் பலம் குறைந்ததால் விறைப்பாக நடந்துகொண்டு இப்போது வலப்பக்கம் சாயும். அதைக் கண்ணின் கோளாறு என்று நினைத்துவிட வேண்டாம். ரைசர், ரெஸ்ட், ஃபிங்கர் டாப் (நாண் இழுக்கும் விரல்களுக்கான காப்பு) மூன்றும் கட்டாயம் இடது கைக்கானவை வேண்டும். கிளிக்கரும் (முழு இழுப்பு வந்ததும் சொடுக்கும் தகடு) சைட்டும் சில மாடல்களில் திருப்பி மாட்டலாம், கேட்டு வாங்கவும். ஆர்டர் கொடுக்கும்போது "இடது கை" என்று மட்டும் சொல்லாமல், "வலது கையில் பிடித்து இடது கையால் இழுக்கும் ரைசர்" என்று முழுதாக எழுதிக் கொடுப்பது நல்லது.