டிஸ்க் 100% காட்டினா ஃபைல அழிக்காதீங்க

சிஸ்டம் சர்வீஸ் வேலைல எனக்கு அதிகமா வர்ற கம்ப்ளெயின்ட் இதுதான், ஆன் பண்ணா டெஸ்க்டாப் வரவே பத்து நிமிஷம் ஆகுது, டாஸ்க் மேனேஜர்ல டிஸ்க் 100%லயே நிக்குது. அத பாத்ததும் ஹார்ட் டிஸ்க் நிரம்பிடுச்சுன்னு நெனச்சு பசங்க போட்டோவ கூட அழிச்சிடறாங்க, அதான் ரொம்ப வருத்தமா இருக்கும். அது இடத்தோட கணக்கே இல்லங்க, டிஸ்க் எவ்ளோ நேரம் ஓய்வே இல்லாம வேலை செய்யுதுங்கற கணக்கு. முக்கால்வாசி காலியா இருந்தாலும் 100% வரும்.

ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல, ஜூலை கடைசி, ரிட்டர்ன் ஃபைல் பண்ற அவசரம். "அண்ணா, பழைய கிளையன்ட் ஃபோல்டர் எல்லாம் டெலீட் பண்ணிடவா?"ன்னு அங்க வேலை பாக்குற பொண்ணு கேட்டுச்சு. எதையும் தொடாதம்மான்னு சொல்லிட்டு ரிசோர்ஸ் மானிட்டர தொறந்தேன். ரீட், ரைட் ரெண்டும் சேத்து செகண்டுக்கு 2 எம்பி கூட இல்ல, ஆனா ஆக்டிவ் டைம் 100. தட்டு சுத்துற ஹார்ட் டிஸ்க்ல டேட்டாவ படிக்கற ஹெட் ஒவ்வொரு துண்டு டேட்டாவுக்கும் நகந்து போய் எடுக்கணும், ஒரு தடவைக்கு 10 மில்லிசெகண்டுக்கு மேலயே ஆகும், அப்போ செகண்டுக்கு நூறு தடவை போனாலே பெருசு, இதுல விண்டோஸ் 10 ஸ்டார்ட் ஆனதும் அப்டேட், டிஃபென்டர்ங்கற ஆன்டிவைரஸ், சர்ச் இன்டெக்ஸிங், அடிக்கடி தொறக்கற புரோகிராம முன்கூட்டியே ராம்ல ஏத்தி வைக்கற சிஸ்மெயின்னு எல்லாம் ஒண்ணா வந்து கேட்டா அது என்னதான் பண்ணும்? ராம் வேற 4 ஜிபிதான், டாலியும் குரோமும் தொறந்தா பத்தாம, ராம்ல கொள்ளாதத பேஜ்ஃபைல்னு டிஸ்க்லயே எழுத ஆரம்பிச்சிடுது.

முதல்ல டிஸ்க் நல்லா இருக்கான்னு காட்டற கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ சாஃப்ட்வேர் போட்டு பாத்துக்கிட்டேன். அதுல மஞ்சள்ல காஷன்னு வந்து பெண்டிங் செக்டார், அதாவது சரியா படிக்க முடியாத இடங்க, ஏறியிருந்தா டிஸ்க்கே போகப்போகுதுன்னு அர்த்தம், வேற எதையும் நோண்டாம பேக்கப் எடுத்துடணும். இது நல்லா இருந்துச்சு. ஸ்டார்ட்அப்ல தேவையில்லாதத டிசேபிள் பண்ணி, சர்வீசஸ்ல சிஸ்மெயின நிறுத்தினேன், கொஞ்சம் மூச்சு விட்டுச்சு. டிஃபென்டரயே ஆஃப் பண்ணுன்னு சொல்றவங்க இருக்காங்க, ஊரார் பான் நம்பரும் பேங்க் விவரமும் இருக்கற மெஷின்ல நான் அத செய்யவே மாட்டேன். ஸ்கேன சாப்பாட்டு நேரத்துக்கு மாத்தி வச்சேன்.

சீசன் முடிஞ்சதும் 240 ஜிபி எஸ்எஸ்டிக்கு குளோன் பண்ணி, ராம 8 ஜிபி ஆக்கிட்டோம். நகர்ற ஹெட்டே இல்லாததால காத்திருப்பு மில்லிசெகண்டுக்கும் கீழ வந்துடும். சிஸ்மெயின திரும்ப ஆன் பண்ணிட்டேன், எஸ்எஸ்டில அது தொந்தரவு தர்றதில்ல. சிதறின ஃபைல சேத்து அடுக்கற டீஃப்ராக் சாஃப்ட்வேர் எதுவும் போட வேண்டாம்னு மட்டும் சொல்லிட்டு வந்தேன், எந்த இடம் இனி தேவையில்லன்னு எஸ்எஸ்டிக்கு சொல்ற ட்ரிம் வேலைய விண்டோஸே பாத்துக்கும்.